தெரியாமல் இருக்கும் கடமை

உழைக்கும் மனிதனின் உயிரைவிட மேலான சொத்து ஒரு நிறுவனத்துக்குக் கிடையாது. இந்த மாபெரும் உண்மையை அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலை உணர்ந்ததோடு நிற்காமல், எட்டடிக்கு நாலடி இரும்புத் தகட்டில் எழுதி வாசலில் மாட்டியும் வைத்தது. மாட்டிய அன்றைக்கே தகடு கழன்று வாட்ச்மேன் காலில் விழுந்தது. வாட்ச்மேன் காண்ட்ராக்ட் ஆள் என்பதாலும், தகடு பாதுகாப்புச் சாதனங்களின் பட்டியலில் இருந்ததாலும், அதை விபத்து என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. அவர் நொண்டிக்கொண்டே மறுபடியும் ஏணியைப் பிடித்தார். தகடு மறுபடியும் ஏறியது.

தலைப்பு: ‘முதலாளியின் சட்டக் கடமைகள்’. மொத்தம் பதினொன்று. மிஷின்களைப் பாதுகாப்பாக வைத்திருத்தல், அபாயங்களை முன்கூட்டியே கண்டறிதல், பயிற்சி அளித்தல், கை கழுவத் தண்ணீரும் சோப்பும் வைத்தல் என்று போய், பதினொன்றாவது கடமை இப்படி முடிந்தது: ‘மேற்கண்ட பத்துக் கடமைகளையும் ஊழியர்களின் பார்வையில் படும்படி எழுதி வைத்தல்.’ பதினொன்றில் அந்த ஒன்று முழுமையாக நிறைவேறியிருந்தது.

பசைக்காரர் அந்தத் தகட்டைத் தினமும் காலையில் நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே போவார். இருபத்திரண்டு வருடமாகப் பசை மிஷினில் நிற்பவர். பெட்டியின் பக்கவாட்டை ஒட்டுவது அவர் வேலை; அதனால் அந்தப் பெயர். ஒட்டியது பிரியாது என்பது அவருடைய நம்பிக்கை. எழுதியது நடக்கும் என்பதும் அவருடைய நம்பிக்கைதான்.

அப்படியிருக்கும்போது சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. பாதுகாப்பு விஷயங்களில் தொழிலாளர்களைக் கலந்துகொள்ள வேண்டும். அதற்கு அவர்களில் ஒருவர் பிரதிநிதியாக இருக்க வேண்டும். ஜி.எம். எல்லோரையும் பேக்கிங் ஹாலில் கூட்டி ஜனநாயகம் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, வேட்பாளர் பட்டியலை வாசித்தார். பட்டியலில் ஒரு பெயர் இருந்தது.

“இருபத்திரண்டு வருஷத்துல இவர் ஒரு புகார்கூட சொன்னதில்லை” என்றார் ஜி.எம். “இவரைவிடப் பாதுகாப்பான ஆள் நமக்குக் கிடைப்பாரா? ஒரு தொழிலாளியோட கஷ்டம் இன்னொரு தொழிலாளிக்குத்தான் தெரியும். எங்களுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.”

கைதட்டல் எழுந்தது. கடைசி வாக்கியத்தை யாரும் நிறுத்தி யோசிக்கவில்லை; டீ வேளை நெருங்கியிருந்தது.

பசைக்காரருக்கு ஒரு ஆரஞ்சு ஜாக்கெட்டும் இரண்டு பக்க நியமனக் கடிதமும் கொடுத்தார்கள். வீட்டில் முதல் பக்கத்தை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ‘தங்கள் நேர்மையையும் விழிப்புணர்வையும்’ என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார்.

“ரெண்டாவது பக்கம்?” என்றாள் அவள்.

“அது சட்டம். பொடி எழுத்து. அது பாட்டுக்கு இருக்கும்.”

“சரி, பெரிய ஆளாயிட்டீங்க. மொதல்ல என் தம்பி மிஷினைப் பாருங்க. தட்டுல சாப்பாடு எடுக்கறப்பகூட கையை வெடுக்குனு இழுத்துக்கிறான். கவனிச்சீங்களா?”

கவனித்திருந்தார். மச்சினனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவரே அவர்தான். “நான் இருக்கேன்ல, பாத்துக்கிறேன்” என்று அன்றைக்கு மனைவியிடம் சொல்லியிருந்தார்.

மச்சினன் இருந்தது ஏழாம் நம்பர் பஞ்சிங் மிஷின். அட்டையைப் பெட்டிக்கு ஏற்றபடி வெட்டி மடிப்புக்கோடு போடும் மிஷின் அது. இரும்பு வாய் ஒன்று திறந்து திறந்து மூடும். திறக்கும்போது அட்டையை வைக்க வேண்டும். மூடுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். நிமிடத்துக்கு இருபது தடவை. கையை எடுக்க ஒரு கணம் தவறினாலும் மிஷின் தானாக நின்றுவிடும்படி, வாய்க்கு முன்னால் மூன்றடி நீளத்தில் ஒரு ஸ்டீல் கம்பி இருக்கும். கை அதில் பட்டால் போதும், மிஷின் நின்றுவிடும். மற்ற ஏழு மிஷின்களிலும் அது இருந்தது. ஏழாம் நம்பரில் மட்டும், சட்டைக்கை உரசினால்கூட நின்று உற்பத்தியைக் கெடுக்கிறது என்று மூன்று வருடத்துக்கு முன்னால் கழற்றினார்கள். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார்கள். போனது போனதுதான்.

பசைக்காரர் ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு செய்த முதல் காரியம், அபாய அறிவிப்புப் படிவத்தை எடுத்து, ‘ஏழாம் நம்பர் மிஷினில் தடுப்புக் கம்பி இல்லை, உடனே மாட்டவும்’ என்று கார்பன் வைத்து எழுதியது. மேல் தாளைக் கிழித்துப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்தார்.

பாதுகாப்பு அதிகாரிக்கு ‘ஹெல்மெட்’ என்று பெயர். ஏசி அறையில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் அவர் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். அந்த அறையின் கூரையைப் பற்றி அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

ஹெல்மெட் தாளைப் படிக்க ஆரம்பித்தார். பாதி படிக்கும்போதே அதைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“என்ன பண்ணிட்டீங்க நீங்க?”

“அபாயத்தை எழுதியிருக்கேன் சார். எழுதச் சொல்லித்தானே ஜாக்கெட் குடுத்தீங்க?”

“அபாயத்தை எழுதலாம்யா. பொதுவா எழுதணும். ‘தரை வழுக்கலாம்’, ‘நெருப்பு சுடும்’, இந்த மாதிரி. மிஷின் நம்பரெல்லாம் போட்டா எப்படி?”

விஷயம் ஜி.எம். வரை போயிற்று. ஜி.எம். பசைக்காரரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்வது அதுதான் முதல் தடவை. நுனியில் உட்கார்ந்தார்.

“சட்டம் என்ன சொல்லுது?” என்று ஆரம்பித்தார் ஜி.எம். “அபாயம் இருக்குன்னு முதலாளிக்குத் தெரிஞ்சா, அவர் அதைச் சரிசெய்யணும். தெரிஞ்சும் செய்யலைன்னா குற்றம். அப்போ குற்றம் எங்க ஆரம்பிக்குது?”

“செய்யாததுல, சார்.”

“தப்பு. தெரிஞ்சுக்கறதுல. நான் இந்த நாற்காலிக்கு வந்து ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமா ஒண்ணும் தெரியாம இருக்கேன். அது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குப் புரியாது. கண்ணு இருக்கு, காது இருக்கு, ஜன்னல் வேற இருக்கு. இவ்வளவையும் வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் தெரியாம இருக்கான்னா அது சும்மா இல்லை. இப்ப நீங்க வந்து ஒரு பேப்பரை நீட்டுறீங்க. நானும் இங்க ஒரு ஊழியன்தானே? என் பாதுகாப்பை யார் பாக்கறது?”

பசைக்காரருக்கு ஒரு கணம் தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகத் தோன்றியது. “மன்னிச்சுக்குங்க சார்” என்றுகூடச் சொல்லிவிட்டார். வெளியே வந்து பாதிவழி நடந்த பிறகுதான் கம்பியைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்று உறைத்தது.

அன்றிலிருந்து ஜி.எம். மேற்பார்வைக்கு வரும் விதம் மாறியது. ஒன்றாம் நம்பரிலிருந்து ஆறாம் நம்பர் வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாக வருவார். ஆறைத் தாண்டியதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து எட்டாம் நம்பருக்குப் போய்விடுவார். அப்படி ஒருநாள் நடக்கும்போது கீழே கிடந்த மரப்பலகையில் தடுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பாதையிலிருந்த எல்லாப் பலகைகளும் அகற்றப்பட்டன, தரைக்கு ரப்பர் விரிப்பு வந்தது, முழங்காலின் படம் நோட்டீஸ் போர்டில் ஏறியது. அந்த வருடத்தின் முதல் விபத்து என்று அது பதிவாயிற்று.

பசைக்காரர் இதைப் பிடித்துக்கொண்டார். “சார், பலகைக்கு ஒரு மணி நேரத்துல நடவடிக்கை எடுத்தீங்களே, கம்பிக்கும் அப்படி எடுக்கலாம்ல?”

ஹெல்மெட் ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்தார். “எல்லாத்துக்கும் மதிப்பெண் இருக்கு. நடக்கறதுக்கு வாய்ப்பு எவ்வளவு, நடந்தா பாதிப்பு எவ்வளவு, ரெண்டையும் பெருக்கணும். ஏழாம் நம்பர்ல இதுவரைக்கும் எத்தனை விரல் போயிருக்கு?”

“ஒண்ணும் போகலை சார். அதுக்குள்ள...”

“அப்போ வாய்ப்பு பூஜ்யம். பாதிப்பு எவ்வளவு வேணா போட்டுக்குங்க. பத்து போடறேன், உங்களுக்காக. பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் என்ன வரும்?”

“அப்போ ஒரு விரல் போனாத்தான் கம்பி வருமா?”

“அப்படி நான் சொல்லலை. ஆனா போச்சுன்னா உங்க கேஸ் வலுவா இருக்கும்.”

இருந்தாலும் ஹெல்மெட் சும்மா இருப்பவர் இல்லை. பூஜ்யம் வாங்கிய அபாயத்துக்கும் ‘விழிப்புணர்வு நடவடிக்கை’ என்று ஒன்று உண்டு. ஏழாம் நம்பருக்கு மேலே ஒரு எச்சரிக்கைப் பலகை வந்தது. பிறகு அந்தப் பலகையைப் பார்க்கவும் என்று சொல்லும் இன்னொரு பலகை வந்தது. ஐந்தாவது பலகை வந்தபோது ட்யூப் லைட் மறைந்து மிஷினின் வாயில் இருட்டு விழுந்தது. ‘குறைந்த வெளிச்சம், கவனம்’ என்று ஆறாவதை மாட்டினார்கள்.

பயிற்சியும் நடந்தது. அதற்காக மிஷினை நிறுத்தினால் உற்பத்தி போய்விடும் என்பதால், மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் பாடம் எடுத்தார்கள். அன்றைய தலைப்பு காதுப் பாதுகாப்பு. அதைக் கேட்பதற்காக எல்லோரும் காதடைப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். முடிவில் பசைக்காரர் ஒவ்வொரு மிஷினாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்.

மச்சினன் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “மாமா, ‘இம்மிஷினின் அனைத்து அபாயங்களையும் நான் அறிவேன், ஏற்கிறேன்’னு போட்டிருக்கே. இது என்ன?”

“எல்லாருக்கும் அதேதான்டா. உன் நல்லதுக்குத்தான். போடு.”

“நீங்க சொன்னாச் சரி” என்று போட்டுவிட்டான்.

அடுத்து மஞ்சள் கோடு வந்தது. அபாயகரமான மிஷினிலிருந்து ஆட்கள் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும் என்று ஹெல்மெட் எங்கோ படித்திருந்தார். மிஷினைச் சுற்றி இரண்டடியில் மஞ்சள் கோடு போட்டு, அதை யாரும் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆரஞ்சு ஜாக்கெட்டிடம் ஒப்படைத்தார்.

“மாமா, மிஷின் ஓட்டறவனே நான்தான். கோட்டுக்கு வெளிய நின்னு நான் எப்படி அட்டை வைக்கிறது? கையைக் கழட்டி உள்ள அனுப்பவா?”

பசைக்காரர் ஹெல்மெட்டிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். “உடம்புதான் கோட்டுக்கு வெளிய இருக்கணுமாம். கையைப் பத்தி விதி ஒண்ணும் சொல்லலையாம். கொஞ்சம் எக்கி வை மாப்ளே, நாலு நாளைக்குத்தான். கம்பிக்கு மறுபடியும் எழுதியிருக்கேன்.”

“நாலு நாள்னா நாலு நாள்தானே? உங்க மூணு வருஷ நாலு நாள் இல்லையே?”

“வாயை மூடிட்டு வேலையைப் பாருடா” என்றார் பசைக்காரர், சிரித்துக்கொண்டே.

மச்சினன் எக்கினான். கால்விரல் கோட்டில், இடுப்பு காற்றில், கை மிஷினின் வாயில். இரண்டு தடவை மறந்துபோய்க் கோட்டுக்குள் காலை வைத்தான். இரண்டு தடவையும் பசைக்காரர் பசை மிஷினை விட்டு ஓடிவந்து அவனை வெளியே இழுத்து நிறுத்தினார். அவருக்கு அது ஒரு கடமையாக இருந்தது; நன்றாகவே செய்தார்.

மூன்றாம் நாள் காலையில் கோட்டுக்கு இரண்டாவது பூச்சு அடித்தார்கள். பதினொரு மணிக்கு மச்சினனின் கால் ஈரப் பெயின்டில் வழுக்கியது. உடம்பு முன்னால் சாய்ந்தது, கை உள்ளே போயிற்று, வாய் மூடியது. வலது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் அட்டையோடு சேர்ந்து வெட்டுப்பட்டன.

பசைக்காரர் ஓடிவந்து அவனைத் தாங்கிப் பிடித்தார். அவருக்குப் பின்னால் ஹெல்மெட் ஓடிவந்து, “யாரும் எதையும் தொடாதீங்க!” என்று கத்தினார். போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. கோடு தெரியும்படி மூன்று, பலகைகள் தெரியும்படி ஆறு எடுத்தார். முதலுதவிப் பெட்டி பூட்டியிருந்தது. பெட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்று விதி. எடுத்தால் குறையும் என்பதால் சாவி ஸ்டோர் ரூமில் இருந்தது, ஸ்டோர்க்காரர் விடுப்பில் இருந்தார். பசைக்காரர் தன் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றினார்.

ஜி.எம். அறையிலிருந்து பியூன் வந்தான். “சார் இன்னும் கேள்விப்படலைன்னு சொல்லச் சொன்னார்.”

வண்டி வருவதற்குள் விபத்துப் படிவத்தை நிரப்பியாக வேண்டும். முப்பத்துநாலு கேள்விகள். ‘விபத்துக்கு முன் தாங்கள் எச்சரிக்கைப் பலகையைப் படித்தீர்களா?’ என்ற கேள்வி அதில் நான்கு தடவை வந்தது. மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு “ஆமா, ஆமா” என்றான். கடைசியில் கையெழுத்து போட முடியவில்லை.

“கட்டைவிரல் இருக்குல்ல?” என்றார் ஹெல்மெட், நிஜமான நிம்மதியோடு. “நல்லவேளை. ரேகை போதும்.”

இரண்டு நாள் கழித்து விசாரணை என்று அறிவித்தார்கள். தவறு நிறுவனத்துடையது என்று முடிவானால், மச்சினனுக்கு உட்கார்ந்து செய்யும் வேறு வேலை கொடுக்க வேண்டும், வைத்தியமும் அவர்களே பார்க்க வேண்டும். ஊழியரின் கவனக்குறைவு என்று முடிவானால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

மருத்துவமனையில் மச்சினன் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். “மாமா, நீங்க மொத நாளே எழுதிக் குடுத்தீங்கல்ல, அந்தக் காப்பி இருக்கா?”

“இருக்குடா. சட்டைப் பையிலயே வெச்சிருக்கேன்.”

“அது போதும் மாமா. அதைக் காட்டுங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம்.”

மனைவி வராந்தா வரை கூடவே வந்தாள். “நீங்க எழுதி வெச்சிருக்கீங்கங்கற தைரியத்துலதான் அவன் கண்ணை மூடித் தூங்கறான். புரியுதா?”

“நான் இருக்கேன்ல” என்றார் அவர்.

விசாரணைக்கு அரசாங்க ஆய்வாளர் வந்திருந்தார். ஜி.எம்., ஹெல்மெட், ஆய்வாளர், தொழிலாளர் பிரதிநிதி என்று நான்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆய்வாளர் பயிற்சிப் பதிவேட்டையும் கோட்டின் போட்டோவையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “இவ்வளவு ஆரோக்கியமான பேப்பர்களை நான் எங்கயும் பாத்ததில்லை” என்றார்.

“மிஷினை ஒருதடவை வந்து பாத்தீங்கன்னா...” என்றார் பசைக்காரர்.

ஆய்வாளர் பொறுமையாகப் புன்னகைத்தார். “பாக்கலாம்பா. பாத்தா எழுதணும். எழுதினா மேல அனுப்பணும். எனக்கு மேல இருக்கிற பதவி நாலு வருஷமா காலியா இருக்கு. காலி நாற்காலிக்கு அனுப்பறதுக்காக நான் வெயில்ல நடக்கணுமா?”

பசைக்காரர் சட்டைப் பையிலிருந்து கார்பன் காப்பியை எடுத்தார். அது மடிப்புப் பிரிவதற்குள் ஆய்வாளர் எழுந்துவிட்டார். “நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன். வரும்போது மேசைமேல என்ன இருக்கோ அதைப் பாக்கறேன்.” கதவு மூடியது.

ஜி.எம். காப்பியை வாங்கவில்லை. ஹெல்மெட்தான் வாங்கி, தேதியை மட்டும் வாசித்தார். “இந்தத் தேதிக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“அதைத்தானே சார் சொல்ல வரேன். உங்களுக்கும் எழுதிக் குடுத்தேன்.”

“மேல் தாள் எங்கன்னு தெரியலை. பதிவேட்டுல இல்லை. ஆனா இது உங்க கையெழுத்து.” ஹெல்மெட் நியமனக் கடிதத்தின் நகலை எடுத்து இரண்டாவது பக்கத்தில் பென்சிலை வைத்தார். “‘அபாயம் எதையும் அறிந்த உடனே, அம்மிஷினை நிறுத்தச் செய்வது பிரதிநிதியின் பொறுப்பு. தவறினால் முதலாளியின் இடத்தில் பிரதிநிதியே கருதப்படுவார்.’ நீங்க நிறுத்தலை.”

“என்னால எப்படி சார் நிறுத்த முடியும்? நான் பசை மிஷின் ஆளு.”

“பதினாலாம் நம்பர் படிவம் இருக்கு, நீங்க கேக்கவே இல்லையே.”

ஜி.எம். எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். குரலில் உண்மையான துக்கம் இருந்தது. “உங்களுக்கு எதிரா நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம். நீங்க எங்க குடும்பம். ஆனா இந்த ஒரு பேப்பர் இருக்கே, இதுதான் உங்களுக்கு எதிரி. இது மேசைமேல இருந்தா, எல்லாம் தெரிஞ்சிருந்தும் சொந்த மச்சினனைக் கோட்டுக்கு வெளிய நிறுத்தி எக்க வெச்சவர் யாருன்னு கேள்வி வரும். கோர்ட்டுல முதல் பேர் உங்க பேர். இது இல்லைன்னா, பையன் கால் வழுக்கிருச்சு. அவ்வளவுதான். யாரையும் குத்தம் சொல்ல வேண்டியதில்லை.”

“அவனைத் தவிர” என்றார் பசைக்காரர்.

“ஆமா, அவனைத் தவிர” என்று ஜி.எம். ஒத்துக்கொண்டார். “போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க. வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. என் பாத்ரூமையே யூஸ் பண்ணிக்குங்க.”

தொழிலாளர்களின் குழாயில் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் வராது. சோப்பு அங்கே என்றைக்குமே இருந்ததில்லை. இங்கே வெள்ளைப் பீங்கானில் ரோஜா நிறச் சோப்பு, கடலின் படம், பூப்போட்ட துண்டு. முகத்தைக் கழுவினார். கையில் காப்பியின் கார்பன் கறை ஒட்டியிருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு துண்டை எடுத்தார்.

துண்டு தொங்கிக்கொண்டிருந்தது ஒரு ஸ்டீல் கம்பியில். மூன்றடி நீளம். நல்ல ஸ்டீல், மூன்று வருட ஈரத்திலும் துருப்பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் சுவரில் அழகாகத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். இடது ஓரத்தில், மிஷின் நம்பரென்று அடித்திருந்த ‘7’ குழிவாக இருந்தது. பசைக்காரர் அதை விரலால் தடவிப் பார்த்தார். அதை இழுத்துப் பிடுங்கிக்கொண்டு போய், ஆய்வாளரின் டீக்குப் பக்கத்தில் டங்கென்று போட வேண்டும் என்று தோன்றியது. ஒரு கையால் பிடித்தும் விட்டார்.

பிறகு, இதைக் கண்டுபிடித்ததும் நான்தான் என்று ஆகுமே என்று நினைத்தார். கையை எடுத்துவிட்டார். முகத்தைத் துடைத்து, துண்டை நான்காக மடித்து, கம்பியில் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று ‘ஊழியரின் கவனக்குறைவே காரணம்’ என்ற அறிக்கை, பிரதிநிதியின் கையெழுத்துக்கு இடம் விட்டு. இன்னொன்று அவருடைய கார்பன் காப்பி.

“இதை நீங்களே கிழிச்சிடுங்க” என்றார் ஜி.எம்.

“நீங்க கிழிங்களேன் சார்.”

“அய்யோ, நான் எப்படி? நான் கிழிச்சா, அதுல என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஆயிடும்.” ஜி.எம். சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். ஹெல்மெட் ஹெல்மெட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். அறையில் கண் திறந்திருந்தவர் ஒருவர்தான். அவர் தாளை நான்காகக் கிழித்து, பிறகு எட்டாகக் கிழித்தார். அறிக்கையில் கையெழுத்து போட்டார். ஆய்வாளர் உள்ளே வந்து, மேசையில் என்ன இருந்ததோ அதைப் பார்த்தார்.

சாயங்காலம் மருத்துவமனையில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். “காப்பியைக் காட்டினீங்களா?”

“காட்டினேன்.”

“என்ன சொன்னாங்க?”

“வாங்கிப் பாத்தாங்க. முடிவை எழுத்துல அனுப்புவாங்களாம்.”

அவள் பெருமூச்சு விட்டு, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். உள்ளே மச்சினன் எழுந்து உட்கார்ந்து சிரித்தான். “அந்தக் கம்பி எங்கதான் போச்சுன்னாவது கேட்டீங்களா மாமா?”

“கேட்டேன். யாருக்கும் தெரியலையாம்.”

“போகட்டும் விடுங்க. நீங்க எழுதி வெச்சது இருக்கே.” இடது கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் மூக்கைச் சுருக்கினான். “என்ன மாமா, கையெல்லாம் மணக்குது?”

“ஜி.எம். ரூம்ல சோப்பு நல்லா இருக்கு” என்றார் பசைக்காரர்.